ஜெனீவா ஒப்பந்தத்தால் சுங்கை சிப்புட்டுக்கு என்ன லாபம்?

கங்காணிபேரன்:
2025 மே மாசம் ஜெனீவாவுல உலகச் சுகாதார நிறுவனத்தோட பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டாங்க. குழு வாக்கெடுப்புல ஆதரவு 124, எதிர்ப்பு ஒண்ணுகூட இல்ல, ஒதுங்கி நின்ன நாடு 11. நம்ம ஊர்ல சிலர் இதை அடுத்த கோவிட்டுக்கே பூட்டுப் போட்ட மாதிரி பகிர்றாங்க.

என் கட்சி இதுதான்: இது வெறும் காகிதம். மீறினா அபராதம் கிடையாது. 60 நாடு அங்கீகரிச்சு 30 நாள் கழிச்சுத்தான் அமலுக்கு வரும். அதுக்கும் முன்னாடி, கிருமி மாதிரியை யார் எப்படிக் கொடுக்கணும், கொடுத்தவனுக்குத் தடுப்பூசி எப்படித் திரும்பி வரும்னு சொல்ற பின்னிணைப்பு முடியணும். உண்மையான சண்டையே அதுலதான். அதைத் தள்ளி வெச்சுட்டுக் கைதட்டினாங்க. அமெரிக்கா 2025 ஜனவரி 20-லயே நிறுவனத்தை விட்டு விலகுற ஆணையில கையெழுத்துப் போட்டாச்சு. பெரிய மருந்துக் கம்பெனிங்க பலதும் அங்கதான் இருக்கு.

நிறுவனத்துக்கு நாம கட்டுற காசை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் கொடுத்து இன்னொரு வண்டியும் நாலு ஆளும் வெச்சா நோய் நிக்கும். மறுக்கறவங்க விவரத்தோட மறுங்க.

கிருமிக்கணக்கு:
அண்ணே, இரண்டு தனி ஏற்பாடுகளை ஒன்றாகப் போட்டுவிட்டீர்கள். பெருந்தொற்று ஒப்பந்தம் புதியது, நீங்கள் சொன்ன நிலையில்தான் இருக்கிறது. ஆனால் அன்றாடம் வேலை செய்வது வேறு: அனைத்துலகச் சுகாதார விதிமுறைகள். 2005-ல் புதிதாக எழுதி 2007 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ளது. 196 தரப்புகள் அதற்குக் கட்டுப்பட்டவை, மலேசியாவும் ஒன்று.

அதன் நடைமுறை எளிது. ஒரு நாட்டுக்குள் வினோதமான நோய்க்கூட்டம் தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் நான்கு கேள்விகளை வைத்து மதிப்பிட வேண்டும். பாதிப்பு கடுமையா? வழக்கத்துக்கு மாறானதா? எல்லை தாண்டுமா? பயணம், வணிகத் தடை வரக்கூடுமா? நான்கில் இரண்டுக்கு ஆம் என்றால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அறிவிப்பு போக வேண்டும். பெரியம்மை, காட்டு வகைப் போலியோ, மனிதருக்கு வந்த புதுவகை இன்ஃபுளுயன்சா, சார்ஸ் ஆகிய நான்குக்கும் கேள்வியே கிடையாது, ஒரே ஒரு நோயாளி என்றாலும் அறிவிப்புதான்.

இதை 1998-ல் வைத்துப் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல், நிப்பா கிருமி என்று பிற்பாடுதான் தெரிந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் (ஜேஇ) என்று முடிவு கட்டி, கொசுப்புகை அடித்து, ஜேஇ தடுப்பூசி போட்டார்கள். ஆனால் விழுந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள், பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். ஜேஇ குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும். கொசு பண்ணை ஆளை மட்டும் தேடிப் போய்க் கடிக்காது. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகள் குரைப்பது போல இருமிச் செத்தன, ஜேஇயில் அப்படி நடப்பதில்லை. இத்தனை குறிப்பும் கண்ணெதிரே இருந்தும் ஐந்து மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் பேராக் பண்ணைக்காரர்கள் விலை விழுமுன் பன்றிகளை மலிவாகத் தள்ளிவிட, லாரியில் நோயும் ஏறி நெகிரி செம்பிலான் போனது. சிக்காமாட், பிறகு புக்கிட் பெலாண்டோக். 1999 மார்ச்சில் சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர், அதில் ஒருவர் இறந்தார். இங்கே 265 பேர், 105 சாவு. பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்றார்கள்.

'வழக்கத்துக்கு மாறானதா?' என்ற கேள்வி ஒன்றை யாராவது கட்டாயமாகக் கேட்டிருந்தால் அக்டோபரிலேயே ஜேஇ முடிவு ஆடியிருக்கும்.

கங்காணிபேரன்:
அப்போ தப்பு நடந்தது நம்ம வீட்டுக்குள்ளதானே? கிருமியைக் கண்டுபிடிச்சதும் நம்ம ஆளுதான், மலாயாப் பல்கலைக்கழகத்து சுவா காவ் பிங். செல் வளர்ப்புல வித்தியாசமா ஏதோ தெரிஞ்சதும் மாதிரியைத் தானே தூக்கிக்கிட்டு அமெரிக்காவுல ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். எந்த ஒப்பந்தம் அனுப்பிச்சு? மனுஷனுக்கு மனுஷன் பழக்கம், அவ்வளவுதான்.

கிருமிக்கணக்கு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரு மனிதரின் பிடிவாதத்தில் தொங்கியது நாட்டின் பாதுகாப்பு. 1998-ல் நடப்பில் இருந்த பழைய விதிமுறைகள் காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் மூன்றை மட்டுமே அறிவிக்கச் சொன்னவை. பேர் தெரியாத நோய்க்கு அதில் இடமே இல்லை. 2005-ல் பட்டியலைப் பின்னுக்குத் தள்ளி நான்கு கேள்வியை முன்னுக்கு வைத்ததன் காரணம் இந்த மாதிரி அனுபவங்களும் 2003 சார்ஸும்தான். சார்ஸ் குவாங்டோங்கில் 2002 நவம்பரில் தொடங்கியது, சீனா அறிவித்தது 2003 பிப்ரவரியில். கடைசிக் கணக்கு 8,096 பேர், 774 சாவு.

இன்னொன்று. இன்று யாரும் நிப்பா மாதிரியைக் கையில் தூக்கிக்கொண்டு விமானம் ஏற முடியாது. அது மிக ஆபத்தான கிருமிகளுக்கான ஏ பிரிவு, ஐநா எண் 2814. கசியாத முதல் குப்பி. அதைச் சுற்றி, உள்ளே இருக்கும் திரவம் முழுவதையும் உறிஞ்சும் அளவுக்குப் பஞ்சு. கசியாத இரண்டாம் கலம். வெளியே கெட்டிப் பெட்டி. குப்பியோ இரண்டாம் கலமோ 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும். உலர்பனியை இரண்டாம் கலத்துக்கு வெளியேதான் வைக்க வேண்டும், வாயு வெளியேற வழியும் விட வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் பனியை உள்ளே வைத்து இறுக மூடிவிடுவார்கள், கலம் வெடிக்கும். முத்திரையோ தாளோ ஒன்று குறைந்தாலும் விமான நிறுவனம் ஏற்றாது. இந்த விதிகளை எந்த ஒரு நாடும் தனியாக எழுதவில்லை. ஈப்போவில் கட்டிய பெட்டியை அட்லாண்டாவில் பயமில்லாமல் திறக்க முடிவது அதனால்தான்.

செம்பனைக்காடு:
ரெண்டு பேரும் நிப்பாவுக்கும் ஜெனீவாவுக்கும் நடுவுல ஓடிக்கிட்டு இருக்கீங்க. தோட்டத்துல ஆளைப் படுக்க வைக்கிறது எலிக்காய்ச்சலும் டெங்கியும்.

எலிக்காய்ச்சல் இங்க 2010 டிசம்பர்லேருந்து கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். செம்பனைப் பழம் இருக்கிற இடத்துல எலி இருக்கும், மழை பேஞ்சா அதோட மூத்திரம் வாய்க்கால் தண்ணிக்கு வரும், கால்ல வெட்டுக்காயத்தோட இறங்குற ஆளுக்கு ஒட்டும். கூகை வளர்க்கிறாங்க, 10 ஹெக்டேருக்கு ஒரு கூடுங்கிறது பல தோட்டத்துக் கணக்கு. ஆனா அதே நிர்வாகம் எலிபாஷாணத்தையும் தூவும். பாஷாணம் தின்ன எலியைப் பிடிச்சுத் தின்னு கூகை சாகும், அடுத்த வருஷம் எலி ரெட்டிப்பு. இதைத் தடுக்க எந்த நாட்டுக் கையெழுத்தும் வேண்டாம். பூட்ஸும் கையுறையும் வாய்க்கால் வெட்டுற ஆளும் போதும்.

டெங்கி? 2019-ல நாடு முழுக்க 130,101 பேர், 182 சாவு. புகை அடிச்சா பறக்கிற கொசு மட்டும் சாகும். தண்ணியில இருக்கிற புழு ஒரு வாரத்துல புதுக் கொசுவா எந்திரிக்கும். அதனாலதான் ஏழு நாள் கழிச்சு மறுபடி அடிக்கிறது. கொசுப்புழுவைக் கொல்ற அபேட் மருந்து 10 லிட்டர் தண்ணிக்கு 1 கிராம். லயத்து வீட்டுல டிரம்முக்கு ஒரு கைப்பிடி அள்ளிப் போடுற பழக்கமும் இருக்கு, தொட்டியைக் கழுவினதும் திரும்பப் போடாம விடுற பழக்கமும் இருக்கு. ரெண்டும் தப்பு. இதுக்கெல்லாம் கண்டிப்பா ஒப்பந்தம் வேணுமா?

கிருமிக்கணக்கு:
பூட்ஸுக்கு வேண்டாம். ஆனால் டெங்கியில் நீங்கள் விட்டுவிட்ட ஒன்று உண்டு. கோலாலம்பூரில் கெராமாட் பக்கம் 2017-ல், டெங்கிக் கிருமியைக் கொசுவுக்குள் வளரவிடாத வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை விட ஆரம்பித்தார்கள். விட்ட இடங்களில் டெங்கி ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. நம் மருத்துவ ஆய்வுக்கழகத்தோடு கிளாஸ்கோ, மெல்பர்ன், லங்காஸ்டர் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த வேலை அது. நம் ஊர் வெயிலில் தாக்குப்பிடிக்கும் வகை எது என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. சூடு அதிகமான தண்ணீரில் வளரும் புழுக்களில் ஒரு வகை நிற்காது, இன்னொன்று நிற்கும். அந்தச் சோதனையை ஒரு மாவட்ட அலுவலகத்தால் செய்ய முடியாது.

எல்லை பற்றியும் ஒரு வார்த்தை. 2000-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கினோம். 2019 டிசம்பரில் சபா துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ. 27 வருடத்தில் முதல் நோயாளி. அந்தக் கிருமி பிலிப்பீன்ஸில் சுற்றிக்கொண்டிருந்ததோடு தொடர்புடையது என்று மரபணு காட்டியது. இரண்டு நாட்டு ஆய்வுக்கூடமும் ஒரே முறையில் மரபணு வரிசை எடுத்து ஒரே இடத்தில் பகிர்ந்ததால்தான் அது தெரிந்தது. சொட்டு மருந்து இயக்கம் நடத்தி நோயை ஓரங்கட்ட 2021 வரை ஆனது.

ராத்திரிஷிப்ட்:
குறுக்க ஒரு கேள்வி. நிறுவனம் ஊரடங்கு போடச் சொன்னா நம்ம அரசாங்கம் போட்டே ஆகணுமாமே? ஊசியும் கட்டாயமாம். வாட்ஸ்அப்புல அப்படித்தான் சுத்துது.

மருந்துப்பெட்டி:
இல்லை தம்பி. ஒப்பந்த வாசகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றவோ, பயணிகளைத் தடுக்கவோ, தடுப்பூசியைக் கட்டாயமாக்கவோ, ஊரடங்கு போடவோ நிறுவனத்துக்கு அதிகாரம் கிடையாது. 2020 மார்ச் 18-ல் வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும் நம் 1988 தொற்றுநோய்ச் சட்டம், 1967 போலீஸ் சட்டம் இரண்டின் கீழ் புத்ராஜெயாவில் நம் அரசாங்கம் போட்டதுதான்.

கங்காணிபேரன் அண்ணன் சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம், ஆனால் காரணம் வேறு. ஒப்பந்தம் அதிகாரம் பண்ணும் என்று பயப்பட ஒன்றுமில்லை. கொடுப்பேன் என்றதைக் கொடுக்குமா என்பதுதான் கவலை. இந்தோனேசியா 2007-ல் பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரியை அனுப்புவதை நிறுத்தியதே, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் இலவசமாக அனுப்பிய கிருமியை வைத்து ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனி தடுப்பூசி செய்தது. அதை வாங்க வசதி இல்லாதது அதே இந்தோனேசியா. சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுபாரி 'கொடுக்க மாட்டோம்' என்றதும் மேல்நாடுகள் பொறுப்பற்ற செயல் என்று திட்டின. ஆனால் அந்த ஒரு மறுப்புதான் 2011-ல் இன்ஃபுளுயன்சாவுக்கான பகிர்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிருமி வாங்கும் கம்பெனி பதிலுக்கு உற்பத்தியில் ஒரு பங்கைக் கொடுக்கக் கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வுக்கூட வலையமைப்பின் ஓட்டச் செலவில் பாதியையும் கம்பெனிகள் சேர்ந்து கட்ட வேண்டும், ஆண்டுக்கு 28 மில்லியன் டாலர்.

ஓட்டை எங்கே என்றால், அது பெருந்தொற்று இன்ஃபுளுயன்சாவுக்கு மட்டும். 2020-ல் வந்தது கொரோனா. ஆகவே எந்தக் கம்பெனிக்கும் எந்தக் கடப்பாடும் இல்லை. இந்தியா 2021 மார்ச்சில் தன் நாட்டு அலைக்காக ஏற்றுமதியை நிறுத்தியதும், நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பங்கிடும் உலகத் திட்டமான கோவேக்ஸ் முடங்கியது, ஏனென்றால் அது புனேயில் இருக்கும் ஒரே ஆலையைப் பெரிதாக நம்பியிருந்தது. நாம் கோவேக்ஸில் 10 விழுக்காடு மக்களுக்கு முன்பதிவு செய்திருந்தோம். கடைசியில் 2021 ஜூலையில் கை கொடுத்தது ஜப்பான் ஒரு மில்லியன், அமெரிக்கா ஒரு மில்லியன் என்று வந்த நன்கொடை. நன்கொடையை நம்பித் திட்டம் போட முடியுமா?

புதிய ஒப்பந்தத்தின் கணக்கு: பெருந்தொற்று அவசரநிலையில், பங்கேற்கும் கம்பெனி உற்பத்தியாகிற போதே 20 விழுக்காட்டை நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும். அதில் குறைந்தது பாதி, அதாவது மொத்தத்தில் 10 விழுக்காடு, இலவசம். மீதி கட்டுப்படியாகிற விலைக்கு. தடுப்பூசி மட்டுமல்ல, மருந்தும் பரிசோதனைக் கருவியும் இதில் அடங்கும்.

கங்காணிபேரன்:
'பங்கேற்கும் கம்பெனி'ன்னீங்க பாருங்க அக்கா, அங்கதான் வழுக்குது. பங்கேற்காத கம்பெனி?

மருந்துப்பெட்டி:
கிருமி மாதிரியும் மரபணு வரிசைத் தகவலும் கிடைக்காது, அதுதான் ஒரே பிடி. மாதிரிக்கு அந்தப் பிடி நிற்கும். வரிசைத் தகவலுக்கு நிற்காது. சீனாவில் 2020 ஜனவரி 11-ல் கொரோனா வரிசையை இணையத்தில் போட்டார்கள். மாடர்னா அதை வைத்தே ஊசியை வடிவமைத்தது, ஒரு சொட்டு மாதிரியும் கையில் வாங்காமல். இன்று யாரும் கணக்குத் திறக்காமலே இறக்கிக்கொள்ளும் தரவுத்தளங்கள் உண்டு. பெயர் பதிந்துதான் இறக்க வேண்டும் என்று வளரும் நாடுகள் கேட்பதும், அது ஆராய்ச்சியைத் தாமதப்படுத்தும் என்று மறுதரப்பு சொல்வதும் அதனால்தான். பின்னிணைப்பு முடியாமல் இழுத்தது இந்த முடிச்சில். பெயர்ப்பதிவு வேண்டும் என்பது என் கட்சி.

கிருமிக்கணக்கு:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெடிப்பின் முதல் வாரத்தில் ஒரு பதிவுப் படிவம் இரண்டு நாள் தின்றால்கூட பரிசோதனைக் கருவி செய்கிறவன் காத்திருப்பான். கிருமியைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனைக்கான பிரைமரை வடிவமைக்க வரிசை தெரிந்தால் சில மணி நேரம் போதும்.

மருந்துப்பெட்டி:
மின்னஞ்சல் முகவரி கொடுக்க இரண்டு நாளா? விளையாடாதீர்கள்.

செம்பனைக்காடு:
இதுல எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். முதல்ல வாயைத் திறந்தவனுக்கு என்ன நடக்குது? 2021 நவம்பர் 24-ல தென்னாப்பிரிக்கா ஓமிக்ரானைச் சொன்னாங்க. ரெண்டே நாள்ல விமானத்தை நிறுத்தினாங்க. அதே கதை இங்கயும்: 2020 மார்ச்ல, பெர்மிட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளி பயப்படாம கோவிட் சோதனைக்கு வரலாம்னு அரசாங்கம் சொல்லிச்சு. மே 1-ல கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் வளைச்சுப் பிடிச்சாங்க. அப்புறம் காய்ச்சல்னு எவன் வருவான்? 98-ல பன்றிக்காரன் சொல்லாம வித்ததும் இதே கணக்குத்தான். தோட்டத்துல இப்ப பங்களாதேஷ், நேப்பாள், இந்தோனேசிய ஆளுங்கதான் பெரும்பங்கு. பங்களாதேஷ்ல 2001-லேருந்து அநேகமா எல்லா வருஷமும் நிப்பா வருது, வௌவால் நக்கின பச்சைப் பேரீச்சமரச் சாறு குடிச்சு. அங்கேருந்து வந்த ஒருத்தன் லயத்துல காய்ச்சலோட ஒளிஞ்சு கிடந்தா உங்க நாலு கேள்வியை யார்கிட்ட கேட்பீங்க?

கிருமிக்கணக்கு:
இந்தத் திரியில் விழுந்த கனமான கேள்வி இதுதான். விதிமுறைகளின் 43-ஆம் பிரிவு, நிறுவனத்தின் பரிந்துரைக்கு மேல் பயணத்தடை போடும் நாடு அறிவியல் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்கிறது. ஓமிக்ரான் சமயத்தில் அது வெறும் எழுத்தாகவே நின்றது. ஆனால் நாட்டுக்குள் தொழிலாளியைப் பயமுறுத்துவது ஜெனீவாவின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.

கங்காணிபேரன்:
காசுக்குப் பதில் வரலையே?

கிருமிக்கணக்கு:
வருகிறது. நிறுவனத்தின் 2026-27 பட்ஜெட் இரண்டு வருடத்துக்கு 4.2 பில்லியன் டாலர். முதலில் கேட்டது 5.3. அமெரிக்கப் பணம் போனதால் வெட்டினார்கள். ஆண்டுக்கு 2.1 பில்லியன். ரிங்கிட்டில் 9 பில்லியனுக்குள். நம் சுகாதார அமைச்சின் 2025 ஒதுக்கீடு 45.3 பில்லியன் ரிங்கிட். அதாவது உலகம் முழுவதற்குமான செலவு, நம் ஒரு அமைச்சின் செலவில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் மலேசியாவின் சந்தாவை நிறுத்தி நீங்கள் கேட்கும் வண்டியை எத்தனை மாவட்டத்துக்கு வாங்கிவிட முடியும்?

மருந்துப்பெட்டி:
அண்ணன் வழிக்கே ஒரு உதாரணம் தருகிறேன். ஹெப்பாட்டைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய். அதற்கான சோஃபோஸ்புவிர் மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது 12 வாரத்துக்கு 84,000 டாலர், மாத்திரை ஒன்று ஆயிரம் டாலர். 2017 செப்டம்பரில் மலேசிய அரசு காப்புரிமையைத் தாண்டி அரசுப் பயன்பாட்டு உரிமம் போட்டது. டிஎன்டிஐ என்ற லாபநோக்கற்ற அமைப்பும் எகிப்தின் ஃபார்கோ கம்பெனியும் சேர்ந்து கூட்டு மருந்துக்கு 300 டாலர் இலக்கு வைத்தன. அந்தக் கூட்டில் சோஃபோஸ்புவிரோடு சேரும் ராவிடாஸ்விருக்கு 2021 ஜூனில் இங்கே அனுமதி கிடைத்தது. 124 நாட்டு மாநாடு எதுவும் இல்லை. மூன்று தரப்பு, ஒரு தீர்மானம்.

கங்காணிபேரன்:
அப்படிப் போடுங்க! இதைத்தானே முதல்லேருந்து சொல்றேன். தேவைப்பட்ட நாலு பேர் சேர்ந்தா போதும்.

கிருமிக்கணக்கு:
அந்த உரிமம் எதன் பலத்தில் போட்டார்கள்? உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தின் 31-ஆம் பிரிவு. அதைத் தைரியமாகப் பயன்படுத்தலாம் என்று எல்லா நாடும் சேர்ந்து சொன்னது 2001 தோஹா அறிக்கை. அது இல்லாமல் போட்டிருந்தால் வணிகத் தடையோடு வழக்கும் வந்திருக்கும். டிஎன்டிஐயின் தலைமையகம் எந்த ஊர் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. ஜெனீவா.

ராத்திரிஷிப்ட்:
😂😂

செம்பனைக்காடு:
சரி, சிரிச்சாச்சு. தோட்டத்து டிரெஸ்ஸர், அதான் மருத்துவ உதவியாளர், எதைப் பார்த்தா உடனே போன் அடிக்கணும்? அதைச் சொல்லுங்க, ஒட்டி வைக்கலாம்.

கிருமிக்கணக்கு:
ஒரே லயத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சலோடு மயக்கமோ வலிப்போ வந்தால். காய்ச்சல்காரரைப் பார்த்துக்கொண்ட ஆளும் காய்ச்சலில் விழுந்தால். கோழி, பன்றி, குரங்கு கும்பலாகச் செத்த இடத்தில் வேலை செய்தவருக்கு மூச்சு முட்டினால். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், சந்தேகமே போதும்; மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசி, பிறகு படிவம். செத்த விலங்கை வெறுங்கையால் தொடவும் கூடாது, எரித்துவிடவும் கூடாது. கால்நடைத் துறைக்கு மாதிரி வேண்டும். நோயாளி கடைசி மூன்று வாரத்தில் எங்கிருந்து வந்தார், எந்த விலங்கைத் தொட்டார் என்ற இரண்டையும் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். 1998-ல் அந்த இரண்டாவது கேள்வியைக் கவனிக்காமல் விட்டதுதான் கொசுவைத் துரத்த வைத்தது.

கங்காணிபேரன்:
இதை ஒட்டுங்க, நானே அச்சடிச்சுத் தர்றேன். பெர்மிட் நம்பர்னு ஒரு கட்டம் மட்டும் அதுல வரக்கூடாது.